எலக்ட்ரான் தாவும்போது அணுக்கருக்கள் என்ன செய்கின்றன?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும்: இயற்பியல் பாடத்தில் எலக்ட்ரான் நிலைமாற்றத்துக்கு ஒரே விதிதான். இரு நிலைகளின் ஆற்றல் வேறுபாட்டுக்குச் சமமான போட்டான் கிடைத்தால் எலக்ட்ரான் மேலே போகும். வேதியியற்பியலுக்குள் நுழைந்ததும் ஃபிராங்க்–காண்டன், மார்கஸ், லேண்டாவ்–ஜீனர், பரப்புத் தாவல் என்று ஆளுக்கொரு கோட்பாடு வருகிறது. இவை ஒன்றுக்கொன்று முரணானவையா? கரைசலில் உள்ள ஒரு சாய மூலக்கூற்றை ஆராய எதை எடுத்துக்கொள்வது?

முரண் ஏதும் இல்லை. எல்லாமே ஷ்ரோடிங்கர் சமன்பாட்டின் தோராயங்கள்தான். எலக்ட்ரானின் நிலை மாறும் நேரத்தில் அணுக்கருக்கள் என்ன செய்துகொண்டிருக்கின்றன என்ற கேள்விக்கு ஒவ்வொன்றும் வேறு விடை தருகிறது. அவை பிரியும் இடம் அது ஒன்றே. ஹைட்ரஜன் அணுவில் இந்தக் கேள்விக்கே இடமில்லை, அங்கே இருப்பது ஒற்றை அணுக்கரு. மூலக்கூற்றிலோ பிணைப்புகளின் நீளத்தையும் கோணத்தையும் எலக்ட்ரான்களே தீர்மானிக்கின்றன. ஆகவே எலக்ட்ரான் நிலை மாறினால், அணுக்கருக்கள் இருக்க வேண்டிய இடமும் மாறிவிடுகிறது. இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால், பாடநூல்கள் வெவ்வேறு அத்தியாயங்களில் சிதறவிட்டிருக்கும் கோட்பாடுகள் ஒரே குடும்பமாகத் தெரியும் என்பது என் உறுதியான கருத்து.

தொடக்கம் மாக்ஸ் பார்னும் ராபர்ட் ஓப்பன்ஹைமரும் 1927-இல் வெளியிட்ட தோராயம். அணுக்கருக்களிலேயே மிக இலேசான புரோட்டான்கூட எலக்ட்ரானைவிட 1836 மடங்கு கனமானது. கார்பன்–கார்பன் இரட்டைப் பிணைப்பு ஒருமுறை அதிர்ந்து முடிக்கச் சுமார் 20 ஃபெம்டோ வினாடி ஆகிறது (ஒரு ஃபெம்டோ வினாடி, வினாடியில் 10⁻¹⁵ பங்கு). எலக்ட்ரான்களின் கால அளவு இதைவிட நூறு மடங்கு, சில வேளை ஆயிரம் மடங்கு சிறியது. அணுக்கருக்களை ஓர் அமைப்பில் நிறுத்திவைத்து எலக்ட்ரான்களின் ஆற்றலைக் கணக்கிடுகிறோம். பிறகு அமைப்பைச் சற்று மாற்றி மீண்டும் கணக்கிடுகிறோம். இப்படிக் கிடைப்பது நிலையாற்றல் பரப்பு. அடிநிலைக்கு ஒன்று, ஒவ்வொரு கிளர்வுற்ற நிலைக்கும் ஒன்று. பிறகு வந்த எல்லாக் கோட்பாடுகளும் இந்தப் பரப்புகளைக் கொண்டே பேசுகின்றன. இந்தத் தோராயம் உடையும் இடங்களை விளக்க வந்தவையும் விலக்கல்ல.

முதலில் எளிய நிலைமை: மூலக்கூறு ஒளியை உறிஞ்சுகிறது. 1925-இல் ஜேம்ஸ் ஃபிராங்க் சொன்ன கருத்து, அந்த நேரத்தில் அணுக்கருக்கள் ஒன்றுமே செய்வதில்லை என்பது. எலக்ட்ரான் நிலை மாறி முடிக்கும்வரை அவை இருந்த இடத்தில் இருந்த வேகத்தோடு இருக்கின்றன. வரைபடத்தில் நிலைமாற்றம் நேர்செங்குத்துக் கோடாக வரும். எட்வர்ட் காண்டன் இதைக் கணிதமாக்கினார். 1928-இல் குவாண்டம் வடிவமும் தந்தார். பட்டையின் செறிவை இரண்டு காரணிகள் முடிவுசெய்கின்றன. ஒன்று எலக்ட்ரான் நிலைமாற்றத்தின் இருமுனைத் திருப்புத்திறன், அதாவது ஒளி அந்த மாற்றத்தை எவ்வளவு வலுவாகத் தூண்டும் என்பதன் அளவு. மற்றது, இரு பரப்புகளிலும் உள்ள அதிர்வு அலைச்சார்புகள் ஒன்றின்மேல் ஒன்று எவ்வளவு படிகின்றன என்பது. சாயங்களின் உறிஞ்சல் நிறமாலை கூர்மையான கோடாக இல்லாமல் தோள்களோடு அகன்று கிடப்பதும், ஒளிர்வு நீண்ட அலைநீளத்துக்கு நகர்ந்து உறிஞ்சலின் கண்ணாடிப் பிம்பம்போல் தோன்றுவதும் இதனால்தான். முதல் காரணி சமச்சீர்மையால் பூச்சியமாகும்போதும் அதிர்வு ஒன்று சமச்சீர்மையைக் குலைத்து நிலைமாற்றத்தை அனுமதிக்கக்கூடும். பென்சீனின் 260 நானோமீட்டர் பட்டை அப்படித்தான் கண்ணுக்குத் தெரிகிறது. ஹெர்ஸ்பெர்க்கும் டெல்லரும் 1933-இல் இதற்கான விளக்கத்தைத் தந்தார்கள்.

இதற்கடியில் இருக்கும் கணித எலும்புக்கூட்டை இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். நிலைமாற்றத்தின் வேகம், இரு நிலைகளுக்கும் இடையிலான இணைப்பு வலிமையின் (ஒரு நிலை மற்றதோடு எவ்வளவு கலக்கிறது என்பதன்) வர்க்கத்தையும், சென்றடையக்கூடிய நிலைகளின் அடர்த்தியையும் பெருக்கினால் கிடைக்கும். 1927-இல் டிராக் வருவித்த இந்த முடிவுக்குப் ‘பொன்விதி’ என்ற பெயர் ஃபெர்மியால் வந்தது. இணைப்பு சிறியதாக இருக்கும்வரை இது போதும். கீழே வரும் பாதிக் கோட்பாடுகள் பொன்விதியின் வெவ்வேறு உடைகளே.

இனி என் மனத்துக்கு மிக நெருக்கமான பகுதி: இருட்டில் நடக்கும் எலக்ட்ரான் பெயர்ச்சி. நீர்க்கரைசலில் இரண்டு மின்சுமை கொண்ட இரும்பு அயனியும் மூன்று மின்சுமை கொண்ட இரும்பு அயனியும் சந்திக்கின்றன. முதலாவதிலிருந்து ஓர் எலக்ட்ரான் இரண்டாவதற்குப் போகிறது. வினைக்கு முன்னும் பின்னும் கரைசலில் இருப்பவை அதே இரண்டு வகை அயனிகள். எந்தப் பிணைப்பும் முறியவில்லை, ஆற்றலில் லாபமும் இல்லை நட்டமும் இல்லை. அப்படியிருந்தும் வினை மெதுவாக நடக்கிறது. பெர்ரோசயனைடு–பெர்ரிசயனைடு இணையில் (சயனைடு சூழ்ந்த அதே இரு வகை இரும்பு) அதே வகைப் பரிமாற்றம் வெகு வேகமாக நடக்கிறது. ஏன்?

கதிரியக்கக் கார்பன் முறையால் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற வில்லார்ட் லிபி 1952-இல் ஒரு விளக்கம் சொன்னார். எலக்ட்ரான் பாயும் கணத்தில் அணுக்கருக்கள் நகர்வதில்லை என்ற ஃபிராங்க்–காண்டன் கருத்தை அவர் கரைசலுக்குள் கொண்டுவந்தார். மூன்று மின்சுமை கொண்ட இரும்பைச் சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகள், மற்ற இரும்பைச் சுற்றியுள்ளவற்றைவிடச் சுமார் 0.13 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம், மீட்டரில் 10⁻¹⁰ பங்கு) நெருக்கமாக நிற்கின்றன. எலக்ட்ரான் திடீரெனப் பாய்ந்தால் இரு அயனிகளும் தமக்குப் பொருந்தாத நீர்க்கூட்டில் மாட்டிக்கொள்கின்றன. பெரிய சயனைடு அயனிகளில் இந்த மாற்றம் சிறியது. அதனால் வேகம் அதிகம்.

ருடால்ஃப் மார்கஸ் இந்த விளக்கத்தில் ஓர் ஓட்டையைக் கண்டார். பொருந்தாத கூட்டில் நிற்கும் விளைபொருளின் ஆற்றல் தொடக்க நிலையைவிட அதிகம். ஒளி உறிஞ்சலில் அந்த அதிகப்படி ஆற்றலைப் போட்டான் கொடுத்துவிடும். இருட்டில் கொடுப்பதற்கு யாரும் இல்லை. ஆகவே செங்குத்துத் தாவல் ஆற்றல் அழியாமை விதியை மீறும். 1956-இல் அவர் தந்த தீர்வு, வரிசையைத் திருப்பிப்போடுவது. முதலில் வெப்ப அசைவால் நீர் மூலக்கூறுகளும் பிணைப்புகளும் தற்செயலாக ஓர் இடைப்பட்ட அமைப்பை எட்ட வேண்டும். அந்த அமைப்பில் எலக்ட்ரான் இந்தப் பக்கம் இருந்தாலும் அந்தப் பக்கம் இருந்தாலும் ஆற்றல் ஒன்றே. அப்போது மட்டும் எலக்ட்ரான் கடந்து போகிறது. அணுக்கருக்கள் முன்கூட்டியே நகர்ந்து வழி திறக்கின்றன என்பதுதான் மார்கஸின் விடை. ஒரு முழுத் துறையையே நிமிர்த்திவைத்த நுட்பமான திருத்தம் இது.

இதற்கு அவர் தந்த வாய்பாடு வியப்பூட்டும் அளவுக்கு எளியது. தொடக்க நிலைக்கு ஒரு பரவளையம், முடிவு நிலைக்கு அதே வளைவுள்ள இன்னொன்று. முடிவு நிலையிலேயே இருந்துகொண்டு, அமைப்பை மட்டும் தொடக்க நிலையின் அமைப்புக்கு வளைக்க ஆகும் ஆற்றல் மறுசீரமைப்பு ஆற்றல். வினையின் கட்டிலா ஆற்றல் மாற்றத்தோடு (வினையில் ஆற்றல் லாபம் என்றால் இது எதிர்க்குறி எண்) இதைக் கூட்டி, வர்க்கமாக்கி, மறுசீரமைப்பு ஆற்றலின் நான்கு மடங்கால் வகுத்தால் தடையின் உயரம் வந்துவிடும். இரும்பு இணையில் நடக்கும் வகைப் பரிமாற்றத்தில் கட்டிலா ஆற்றல் மாற்றம் பூச்சியம். தடை, மறுசீரமைப்பு ஆற்றலில் கால்பங்கு. மறுசீரமைப்பு ஆற்றல் 1 எலக்ட்ரான் வோல்ட் என்று வைத்துக்கொண்டால் தடை 0.25. அறை வெப்பநிலையின் வெப்ப ஆற்றல் சுமார் 0.025 என்பதால், தடை அதைப்போல் பத்து மடங்கு. கடக்கும் நிகழ்தகவு ஏறத்தாழ இருபதாயிரத்தில் ஒன்று. எந்தப் பிணைப்பும் முறியாமலேயே இவ்வளவு பெரிய தடை எழுகிறது.

அந்த வாய்பாட்டில் ஒளிந்திருந்த விளைவு இன்னும் விசித்திரமானது. வினையின் ஆற்றல் லாபத்தைக் கூட்டிக்கொண்டே போனால் தடை குறைந்து, லாபம் மறுசீரமைப்பு ஆற்றலுக்குச் சமமாகும்போது பூச்சியமாகிறது. அதற்கும் மேலே லாபத்தைக் கூட்டினால் தடை மீண்டும் எழுகிறது, வினை மெதுவாகிறது. இதுவே தலைகீழ்ப் பகுதி. பலர் இதை நம்பத் தயங்கினார்கள். கரைசலில் இரு மூலக்கூறுகள் மோதிக்கொள்ளும் வேகமே உச்சவரம்பாகி இந்த வீழ்ச்சியை மறைத்துவிட்டதும் அதற்கு ஒரு காரணம். 1984-இல் மில்லர், கால்காடெரா, குளோஸ் மூவரும் எலக்ட்ரானைத் தருவதையும் பெறுவதையும் விறைப்பான ஸ்டீராய்டு சட்டகம் ஒன்றின் இரு முனைகளில் பொருத்தினார்கள். மோதலுக்காகக் காத்திருக்கத் தேவையில்லாமல் போனதால் வீழ்ச்சி தெளிவாக வெளிப்பட்டது. மார்கஸுக்கு 1992-இல் நோபல் பரிசு கிடைத்தது.

மார்கஸின் அணுக்கருக்கள் பழைய, அதாவது நியூட்டனின், இயங்கியலின்படி நகர்பவை. தடையை ஏறித்தான் கடக்க வேண்டும். அது எப்போதும் உண்மையல்ல. 1966-இல் டிவால்ட்டும் சான்ஸும் ஒளிச்சேர்க்கைப் பாக்டீரியா ஒன்றில் சைட்டோகுரோம் என்ற புரதம் எலக்ட்ரானை இழக்கும் வேகத்தை அளந்தார்கள். வெப்பநிலை குறையக் குறைய வேகமும் குறைந்தது. சுமார் 100 கெல்வினுக்குக் கீழே அது குறைவதை நிறுத்திவிட்டது. தடையை ஏறுவது மட்டுமே வழி என்றால் இது நடக்க முடியாது. அதிர்வுகள் தடையை ஊடுருவிச் செல்கின்றன. லெவிச்சும் டோகொனாட்ஸேயும் 1959-இலேயே பொன்விதியிலிருந்து எலக்ட்ரான் பெயர்ச்சியை வருவித்திருந்தார்கள். ஜார்ட்னர் 1976-இல் உயர் அதிர்வெண் அதிர்வுகளைக் குவாண்டம் முறையில் சேர்த்து இந்தச் சித்திரத்தை முழுமையாக்கினார். அவருடைய வாய்பாட்டில் இருப்பவை ஃபிராங்க்–காண்டன் காரணிகளே. ஒளி உறிஞ்சலும் இருட்டில் நடக்கும் பெயர்ச்சியும் ஒரே கணக்கின் இரு பயன்பாடுகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. திண்மங்களில் உள்ள நிறமையங்களுக்கு (நிறம் தரும் படிகக் குறைகளுக்கு) ஹுவாங்கும் ரைஸும் 1950-இல் செய்ததும் இதே கணக்குத்தான்.

கிளர்வுற்ற சாயம் ஒளி வீசாமல் கீழிறங்குவதும் இதே தர்க்கத்துக்குள் அடங்கும். எலக்ட்ரான் ஆற்றல் முழுவதும் அதிர்வுகளுக்குள் கொட்டப்பட வேண்டும். இடைவெளி பெரிதாக ஆக, அதிர்வுகள் அதிகப் படிகளை ஒரே நேரத்தில் ஏற்க வேண்டியிருக்கும். வேகம் அடுக்குக்குறி விகிதத்தில் சரியும். இங்கிள்மனும் ஜார்ட்னரும் 1970-இல் தந்த ஆற்றல் இடைவெளி விதி இது. மேல்நிலைகளுக்கு இடையே இடைவெளி சிறியதாக இருப்பதால் மூலக்கூறு விரைந்து சரிந்து, மிகக் கீழான கிளர்வு நிலையிலிருந்தே ஒளிர்கிறது. இதுதான் காஷா 1950-இல் சொன்ன விதி. அசுலீன் என்ற சேர்மத்தில் முதல் இரு கிளர்வு நிலைகளின் இடைவெளி பெரியது. அதனால் அது விதியை மீறி இரண்டாம் நிலையிலிருந்து ஒளிர்கிறது. ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான வடிவமான டியூட்டீரியத்தை வைத்தால் அதிர்வின் படிகள் சிறுத்து, கீழிறங்க அதிகப் படிகள் தேவைப்படுகின்றன. நாஃப்தலீனின் மும்மை நிலை (இரு எலக்ட்ரான்களின் தற்சுழற்சி ஒரே திசையில் இருக்கும் கிளர்வு நிலை) 2 வினாடி அளவில் வாழ்கிறது. டியூட்டீரியம் ஏறிய நாஃப்தலீனிலோ 15 வினாடிக்கும் மேல். எலக்ட்ரான் நிலைகளை அறவே தொடாமல் அணுக்கருக்களின் நிறையை மட்டும் மாற்றியதன் விளைவு இது.

இதுவரை பார்த்த எல்லாமே இணைப்பு வலிமை சிறியது என்று கருதின. அது சிறியதாக இல்லாவிட்டால்? 1932-இல் லேண்டாவ், ஜீனர், ஸ்டூக்கெல்பெர்க், மயோரானா ஆகிய நால்வரும் தனித்தனியே இந்தக் கேள்வியைத் தீர்த்தார்கள். இரு வளைவுகள் வெட்டும் இடத்தை அணுக்கருக்கள் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் கடக்கின்றன. வேகம் அதிகமானால் எலக்ட்ரானுக்கு மாற நேரமில்லை, அது பழைய தன்மையோடே போய்விடும். இணைப்பு வலிதானால் எலக்ட்ரான் தன் தன்மையை மாற்றிக்கொள்ளும். இணைப்பை மிகச் சிறியதாக்கி இந்த வாய்பாட்டை விரித்துப் பாருங்கள்: இணைப்பின் வர்க்கம் தானாக வெளிவரும், பொன்விதி திரும்பக் கிடைத்துவிடும்.

இதற்கு மிக அழகான எடுத்துக்காட்டு சோடியம் அயோடைடு. சோடியத்திலிருந்து எலக்ட்ரானைப் பிரிக்க 5.14 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். அதை ஏற்கும் அயோடின் 3.06 திருப்பித் தரும். பற்றாக்குறை 2.08. எதிரெதிர் மின்சுமைகளின் ஈர்ப்பாற்றல், 14.4-ஐ ஆங்ஸ்ட்ராமில் உள்ள தூரத்தால் வகுத்தால் கிடைப்பது. இரண்டும் சமமாகும் தூரம் 6.9 ஆங்ஸ்ட்ராம். அங்கேதான் அயனி வளைவும் அயனியல்லாத வளைவும் வெட்டுகின்றன. அகமது ஜுவைலின் குழு 1980களின் இறுதியில் லேசர் துடிப்பால் இந்த மூலக்கூற்றைக் கிளர்த்தி, அலைத்தொகுப்பு (அணுக்கருக்களின் குவாண்டம் அலை) ஒரு பிகோ வினாடிக்கு, அதாவது 1000 ஃபெம்டோ வினாடிக்கு, சற்று மேலான காலத்தில் போய்த் திரும்புவதையும், ஒவ்வொரு சுற்றிலும் சுமார் பத்தில் ஒரு பங்கு வெட்டுப்புள்ளி வழியாகக் கசிந்து அணுக்களாகப் பிரிவதையும் நேரடியாகக் கண்டது. தாளில் போட்ட கணக்கின் இடத்தை ஆய்வகத்தில் கண்ணால் பார்த்ததற்கு ஒப்பான சாதனை அது.

இரண்டுக்கும் மேற்பட்ட அணுக்கள் உள்ள மூலக்கூற்றில் நிலைமை இன்னும் தீவிரமாகிறது. இரு பரப்புகள் கூம்பு முனைகளைப்போல் ஒரே புள்ளியில் தொட்டுக்கொள்ள முடியும். 1937-இலேயே டெல்லர் இதைச் சுட்டிக்காட்டினார். அந்தப் புள்ளியில் ஆற்றல் இடைவெளி பூச்சியம், ஆகவே அணுக்கருக்கள் மெதுவானவை, எலக்ட்ரான்கள் விரைவானவை என்ற பிரிவினையே பொருளிழக்கிறது. இரண்டும் சேர்ந்தே நகர்கின்றன. நீண்ட காலம் இவை அரிய விந்தைகளாகக் கருதப்பட்டன. இப்போது ஒளிவேதியியலின் அன்றாடப் பாதைகள் என்று தெரிகிறது. கண்ணின் ரோடாப்சினில் விழித்திரைச் சாயம் சுமார் 200 ஃபெம்டோ வினாடியில் வடிவம் மாறுவதும், டி.என்.ஏ.வின் காரங்கள் புற ஊதாக் கதிரை ஏற்று ஒரு பிகோ வினாடி அளவில் அதை வெப்பமாக்கிவிடுவதும் இந்தக் கூம்புகள் வழியாகத்தான்.

இங்கே எளிய வாய்பாடு ஏதும் உதவாது. கணினியில் இயக்கத்தைப் பின்தொடர வேண்டும். ஜான் டல்லி 1990-இல் செம்மைப்படுத்திய பரப்புத் தாவல் முறையில் அணுக்கருக்கள் பழைய இயங்கியலின்படி ஒரு பரப்பில் ஓடுகின்றன. நிகழ்தகவுக்கேற்ப அவ்வப்போது மறு பரப்புக்குத் தாவுகின்றன. பெரிய மூலக்கூறுகளுக்கு நடைமுறையில் கைகொடுப்பது இதுவே. பிரிந்து சென்ற அலைத்தொகுப்புகள் ஒன்றையொன்று மறந்துவிடுவதை இது தானாகக் காட்டாது, திருத்தம் சேர்க்க வேண்டும். அணுக்கருக்களையும் முழுக்கக் குவாண்டமாக நடத்தும் முறைகளும் உண்டு. துல்லியம் மிகுந்தவை, ஆனால் பரப்புகளை முன்கூட்டியே தயாரித்துத் தர வேண்டும்.

ரஷ்யாவின் விளாதிமிர் எகோரோவ் இன்னொரு திசையில் போகிறார். நிலைமாற்றத்தின் இடைக்கட்டத்திலேயே எலக்ட்ரானும் அணுக்கருக்களும் ஒழுங்கற்ற கூட்டியக்கத்தில் இருப்பதாகக் கொண்டு, கணக்கில் ஆற்றல் வரும் பின்னங்களின் கீழ் எண்ணில் ஒரு கற்பனை எண்ணைச் சேர்த்து, நீண்ட பாலிமெத்தீன் சாயங்களின் நிறமாலையை விளக்குகிறார். அவர் எழுப்பும் கேள்வி நியாயமானது: தாவலின் நடுவில் என்ன நடக்கிறது என்பதைப் பொன்விதி சொல்வதே இல்லை. ஆனால், 1936-இல் ஜெல்லியும் ஷைபேயும் கண்டறிந்த சாயத்திரள்களின் கூர்மையான பட்டைக்கு, கிளர்வு பல மூலக்கூறுகளில் பரவி நிற்கிறது என்ற வழக்கமான விளக்கமே போதும் என்று நான் கருதுகிறேன்.

இனி உங்கள் சாயம். உறிஞ்சல் பட்டையின் வடிவம் மட்டும் வேண்டுமானால் ஃபிராங்க்–காண்டன் கணக்கும் கரைப்பானின் முனைவுத்தன்மையும் போதும். பரப்புகளைப் பெற, நேரம் சார்ந்த அடர்த்திச் சார்பியல் முறையையே (TDDFT, எலக்ட்ரான் அடர்த்தியிலிருந்து ஆற்றலைக் கணக்கிடும் முறை) பெரும்பாலோர் எடுக்கிறார்கள். ரங்கேயும் குரோஸும் 1984-இல் இதற்கு அடித்தளம் இட்டார்கள். பொதுவாக 0.2 முதல் 0.4 எலக்ட்ரான் வோல்ட் பிழையோடு நல்ல விடை தரும். சாயத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு எலக்ட்ரான் நகரும் நிலைகளில் மட்டும் எளிய சார்பியல்கள் (இம்முறை பயன்படுத்தும் தோராய வாய்பாடுகள்) ஆற்றலை மிகக் குறைத்துக் காட்டும். நீள்தூரத் திருத்தம் உள்ளவற்றைப் பயன்படுத்துங்கள். அடிநிலையோடு வெட்டும் கூம்புக்கு அருகிலும் இந்த முறையை நம்ப வேண்டாம். அங்கே பல எலக்ட்ரான் அமைவுகளைச் சேர்த்துக்கொள்ளும் முறைகள் வேண்டும்.

ஒளிர்வு ஏன் குறைகிறது என்பதுதான் உங்கள் கேள்வி என்றால், கணினியைத் தொடும் முன் மூன்று அளவீடுகளைச் செய்யுங்கள். ஒளிர்வின் ஆயுள் டியூட்டீரியத்தால் நன்றாக நீண்டால் ஆற்றல் இடைவெளி விதியின் பக்கம் போங்கள். கரைப்பானின் முனைவுத்தன்மையோடு வலுவாக மாறினால் மின்சுமைப் பெயர்ச்சி நடக்கிறது. மார்கஸ் வாய்பாட்டை எடுங்கள், மறுசீரமைப்பு ஆற்றலை உறிஞ்சலுக்கும் ஒளிர்வுக்கும் உள்ள இடைவெளியிலிருந்து மதிப்பிடலாம், அந்த இடைவெளி ஏறத்தாழ அதன் இரு மடங்கு. கரைசலைக் குளிரவைத்து உறைந்த கண்ணாடிபோல் ஆக்கியதும் ஒளிர்வு பன்மடங்கு கூடினால், மூலக்கூறு முறுக்கிக்கொண்டு ஒரு கூம்பை நோக்கிப் போகிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். பரப்புத் தாவலுக்கு உழைப்பைச் செலவிட வேண்டிய இடம் அதுதான்.